குடியை விட நினைப்பவர் எங்கே போவது?

வேதாரணியத்திலிருந்து தெற்கே, அகஸ்தியம்பள்ளியின் உப்பளங்களைக் கடந்து, கோடியக்காட்டை ஊடுருவிச் செல்லும் பாதை முடிவுறும் கடல்முனையில் அமைந்திருக்கிற கோடியக்கரையைத் தமிழ் வாசகர்களில் பலர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வாயிலாகவே அறிவர். அந்நாவலை எழுதுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு, திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் ராஜாஜி நடத்திய 'விமோசனம்' என்னும் மதுவிலக்குப் பத்திரிகையில் கல்கி உழைத்தார் என்பதும், அந்த ராஜாஜியே 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு புறப்பட்டு, காவிரிப் பாசன ஊர்களின் வழியாக நடந்துவந்து, அம்மாத இறுதியில் வேதாரணியத்தில் உப்பெடுத்துச் சிறை புகுந்தார் என்பதும் சேர்த்து நினைக்கத்தக்கவை. உப்புக்கும் மதுவிலக்குக்கும் ஒருங்கே உரியவராயிருந்த அம்மனிதரின் சுவடு பதிந்த பிரதேசம் இது.

எனினும், அவர் காலந்தொட்டு நம் நாட்டில் ஓயாமல் பேசப்பட்டுவரும் மதுவிலக்கு இக்கட்டுரையின் விஷயமன்று. கோடியக்கரையில் ஒரு மீனவரோ, உப்பளத் தொழிலாளியோ, நடவுக்கும் அறுப்புக்கும் போகிற விவசாயக் கூலியோ, இனிக் குடிப்பதில்லை என்று ஒரு நாள் காலையில் உள்ளபடியே சங்கற்பம் செய்துகொண்டால், அன்று மாலை அவர் எங்கே போவது, யாரோடு உட்கார்வது என்ற சிறிய கேள்வியே இங்கு ஆராயப்படுகிறது. சிறிய கேள்வியாயினும், அதற்கு விடை காண்பது அவ்வளவு எளிதன்று.

கடையைப் பற்றிய வாதம்

கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் வகுத்துவைத்த நாட்டில், குடியைப் பற்றிய சிந்தனைக்குப் பஞ்சமிருந்ததில்லை. பெரியார் 1921-இல் தமது தோப்பின் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமல்படுத்திய ராஜாஜி, அதனால் குறைந்த வருமானத்தை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். 1948-இல் மாகாணம் முழுவதற்கும் பரவிய மதுவிலக்கு 1971-இல் ஒத்திவைக்கப்பட்டது, பின் மீண்டது, பின் மறுபடியும் தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் தோன்றியது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023-24-ஆம் ஆண்டில் அரசுக்கு இவ்வழியில் கிடைத்த வருமானம் 45,855 கோடி ரூபாயைத் தொட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, கடை வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் மேலும் ஒரு முறை மூண்டு, இரு தரப்பாரும் அத்துயரத்தையே தத்தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டினர்.

இந்நீண்ட விவாதம் வீண் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அது ஆதியோடந்தமாகக் கடையின் கதவைப் பற்றியதாகவே இருந்துவிட்டது. கதவு திறந்திருக்கும்போதே உள்ளே போகாமலிருக்கப் பிரயத்தனப்படும் மனிதருக்கு என்ன துணை என்பது அதில் ஓரமாகக்கூடப் பேசப்படவில்லை. டில்லி எய்ம்ஸ் நிறுவனத்தைக் கொண்டு மத்திய அரசு நடத்தி 2019-இல் வெளியிட்ட அகில இந்திய ஆய்வு, மதுவால் விளைந்த பிரச்சினைக்கு உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகவும் அது கண்டது. எஞ்சிய 37 பேரும் விட விரும்பாதவர்கள் என்று கொள்ள முடியாது. வேலைக்குப் போகும் வழியில், 'இன்றைக்கு வேண்டாம்' என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளாத குடிநோயாளி அபூர்வம்.

இருவர் கூடிய கூட்டம்

இக்கேள்விக்கு உலகம் கண்ட விடைகளுள் மிகப் பரவியது, குடியை விட்டவர்களும் விட விரும்புகிறவர்களும் தாங்களே கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பு. நம்மவர் வழக்கில் அது 'ஏ.ஏ.'. அதன் பிறப்பில் ஒரு விசித்திரம் உண்டு. 1935-ஆம் ஆண்டு மே மாதத்தில், நியூயார்க்கைச் சேர்ந்த பில் வில்சன் என்ற பங்குத்தரகர், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்கு வியாபார நிமித்தமாகச் சென்று, காரியம் கைகூடாமல், ஓட்டல் முகப்பில் தனியே நின்றார். குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்த அவருக்கு ஒரு பக்கம் மதுக்கூடத்தின் ஆரவாரம் கேட்டது. மறுபக்கம் தொலைபேசி இருந்தது. தம்மைக் காத்துக்கொள்ள அவர் தேடியது வைத்தியரையோ போதகரையோ அன்று. இன்னொரு குடியரைத் தேடினார். அவ்வாறு அகப்பட்டவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். பாப் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஆம் தேதியே அமைப்பின் பிறந்த நாளாயிற்று. பிறருக்கு உபகாரம் செய்யப் போனவரே அதனால் பிழைத்தார் என்பதே இக்கூட்டங்களின் மூல தத்துவம்.

1939-இல் அவர்களது நூல் வெளியாயிற்று. பன்னிரண்டு படிகள் என்ற ஒழுகுமுறை அதில் வகுக்கப்பட்டது. 1950-இல் ஏற்கப்பட்ட பன்னிரண்டு மரபுகள், உறுப்பினராவதற்குக் குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே நிபந்தனை என்றும், வெளியார் நன்கொடை கூடாது என்றும், வெளி விவகாரங்களில் அமைப்புக்கு அபிப்பிராயமே கிடையாது என்றும் விதித்தன. இந்த இறுதி விதிக்குப் பின்னால் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1840-இல் பால்டிமோர் நகரில் ஆறு குடியர்கள் தொடங்கிய வாஷிங்டோனியர் இயக்கம், சில ஆண்டுகளிலேயே பெருந்திரளைச் சேர்த்துக்கொண்டு, பின்பு மதுவிலக்கு அரசியல் முதலான சர்ச்சைகளில் சிக்கிச் சிதைந்துபோயிற்று. குடியை ஒழிக்கும் கட்சியும் குடியரைத் தாங்கும் கூட்டமும் ஒன்றாயிருக்க முடியாது என்பதை அவ்வனுபவம் கற்பித்தது. மதுவிலக்கை அரசியலின் உயிர்நாடியாகக் கொண்ட நமக்கு இது யோசிக்கத்தக்க விஷயம்.

கூட்டத்தில் நடப்பது மிக எளியது. ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம், கட்டணம் இல்லை, விரும்பியவர் சில்லறை போடலாம். ஒருவர் தம் பெயரைச் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்கித் தம் கதையைப் பேசுகிறார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்கிறார்கள். இதற்கு 'ஷேரிங்' என்று பெயர். புதியவருக்கு வழித்துணையாக நிற்கும் பழையவர் 'ஸ்பான்சர்'. குடும்பத்தாரும் பிறரும் வரக்கூடியது திறந்த கூட்டம். குடிநோயாளிகள் மட்டுமே இருப்பது மூடிய கூட்டம். ஆயுள் முழுவதற்குமான சபதம் எதுவும் கேட்கப்படுவதில்லை. இன்று ஒரு நாள் மட்டும் குடிக்காமலிருப்பதே சங்கற்பம்.

இதில் நமக்கு அந்நியமான அம்சம் அதிகமில்லை. கார்த்திகையில் மாலையணிந்து 41 நாள் விரதமிருக்கும் ஐயப்ப பக்தரைப் பாருங்கள். பெருங்குடியராக ஊரறிந்த மனிதர் அந்நாட்களில் ஒரு சொட்டும் தொடுவதில்லை. பக்தி ஒரு காரணம். அதனோடு, அவர் கறுப்புடை உடுத்தியிருக்கிறார். எல்லோரும் அவரைச் 'சாமி' என்று அழைக்கிறார்கள். குடிக்கூட்டாளி அவரிடம் குவளையை நீட்ட அஞ்சுகிறான். மாலைதோறும் பஜனைக்குப் போக ஓரிடம் இருக்கிறது. முன்நடத்தக் குருசாமி ஒருவர் இருக்கிறார். இவையனைத்தும் சேர்ந்ததுதான் துணைக்கூட்டம் என்பது. மலையிறங்கி மாலையைக் கழற்றியதும் இத்தனையும் ஒருசேர அகன்றுவிடுவதால், அன்றிரவே பழைய இடத்தில் அவரைக் காண நேர்கிறது. விரதத்துக்கு முடிவு நாள் உண்டு. வாராந்தரக் கூட்டத்துக்கு முடிவு நாள் இல்லை. முக்கியமான வேறுபாடு அவ்வளவே.

ஆராய்ச்சி கண்டது

இக்கூட்டங்கள் மெய்யாகவே பயன் தருகின்றனவா என்ற சந்தேகம் நியாயமானது. 2006-இல் மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் அறிக்கை, திட்டமான முடிவுக்கு ஆதாரம் போதாது என்றே கூறிற்று. 2020-இல் அதே வரிசையில் வெளிவந்த புதிய அறிக்கை, 27 ஆய்வுகளையும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரையும் உள்ளடக்கி, முற்றிலும் குடிக்காமலிருப்பதைப் பொறுத்தவரையில், ஏ.ஏ. வழியில் ஆற்றுப்படுத்தும் சிகிச்சை பிற உளவியல் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ உள்ளது என்று கண்டது: ஓராண்டு கடந்தபின் தொடர்ந்து குடிக்காமலிருந்தோர் 42 சதவிகிதம், பிற வழிகளில் 35 சதவிகிதம். இந்த எண்களைச் சரியாக வாசிக்க வேண்டும். நூற்றில் ஐம்பத்தெட்டுப் பேர் இவ்வழியிலும் இடையில் விழுந்திருக்கிறார்கள். மேலும், ஆய்வுகளிற் பெரும்பாலானவை அமெரிக்காவில் நிகழ்ந்தவை; அவற்றை அப்படியே வேதாரணியத்துக்குப் பெயர்த்துவைக்க இயலாது.

எவ்வாறு பயன் விளைகிறது என்பதைத் தேடிய ஆய்வாளர்கள், கூட்டத்துக்குப் போகிறவரின் நட்பு வட்டம் மாறுவதை ஒரு பிரதான காரணமாகக் கண்டனர். குடிக்கும் நண்பர் குறைந்து, குடிக்காத நண்பர் பெருகுகின்றனர். 'சகவாச தோஷம்' என்று நம் பாட்டிமார் சொன்னதன் மறுபுறத்தைத்தான் இது சுட்டுகிறது.

மஞ்சக்குடியின் வழி

இந்தியாவில் ஏ.ஏ. 1957-இல் வேரூன்றிற்று. தமிழ்நாட்டைப் பொறுத்தவரையில், தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் அவர் பெயரால் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி ஸ்தாபனம், குடியை ஒழுக்கக் கேடு என்பதிலிருந்து மாற்றி நோய் என்று பார்க்கும் பார்வையைப் பரப்பியதில் முன்னோடியாகும். அதன் முயற்சிகளில் டெல்டாவாசிகள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 1989-இல், அன்றைய தஞ்சை மாவட்டத்தில் குடவாசலுக்கு அருகிலுள்ள மஞ்சக்குடியில், நோயாளிகளைச் சென்னைக்கு அழைக்காமல், சிகிச்சைக் குழுவே கிராமத்துக்கு வந்து, சுமார் இரண்டு வாரம் தங்கி, அங்கேயே முகாம் நடத்தியது. இடத்துக்கும் உணவுக்கும் ஊரார் பொறுப்பேற்றனர். நோயாளிகளைக் கண்டறிந்து அழைத்துவந்ததும், முகாம் முடிந்தபின் அவர்களைக் கவனித்துக்கொண்டதும் ஊராரே.

இதன் மதிப்பை உணர, ஏ.ஏ.வின் பெயரிலேயே அடங்கிய அனாமதேயம் என்ற கொள்கையைக் கிராமத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெயரை மறைப்பது மாநகரத்தின் வசதி. அங்கே பக்கத்துத் தெருவே அந்நியம். கோடியக்கரை போன்ற ஊரில் யார் எந்தப் படகில் போனார், எவ்வளவு பங்கு கிடைத்தது, இரவு எந்தத் திண்ணையில் கிடந்தார் என்பதெல்லாம் விடிவதற்குள் ஊருக்குத் தெரியும். அங்கே குடிப்பது ஒரு ரகசியமே அல்ல. விட முயல்வதுதான் ரகசியமாகிறது! ஏனெனில், குடிப்பவரை ஊர் சகித்துக்கொள்கிறது. விட்டுவிட்டு மறுபடி விழுந்தவரைப் பார்த்துச் சிரிக்கிறது. 'இவனாவது, விடுவதாவது' என்ற ஒரு வார்த்தை, ஆறு மாத முயற்சியை அழிக்கப் போதும்.

இதற்கு இரண்டே உபாயங்கள் உண்டு. ஒன்று, ஊரைத் தாண்டிப் போவது: தாலுகா தலைநகரிலோ மாவட்டத் தலைநகரிலோ நடக்கும் கூட்டத்தில், சொந்த ஊராரின் கண்ணில் படாமல் உட்கார்ந்து வருவது. மற்றொன்று மஞ்சக்குடியின் வழி: மறைக்க முடியாததை மறைக்க முயலாமல், ஊரையே முகாமின் விருந்தோம்பியாக்குவது. சோறு போட்டவன் எளிதில் சிரிக்கமாட்டான். முதல் வழி உடனே கைவரும், ஆனால் பஸ்ஸை நம்பியது. இரண்டாவது வழிக்குக் காலம் பிடிக்கும், ஆனால் நிலைக்கும். இரண்டில் எது மேல் என்பதை மனிதரின் சுபாவமும் ஊரின் சுபாவமும் தீர்மானிக்கின்றன.

பொருத்தம் பார்த்தல்

ஜாதகப் பொருத்தம் பார்க்கிற நம் சமூகத்தில், கூட்டத்துக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஒரு கூட்டம் பிடிக்காமற்போனால் இவ்வழியே தமக்கு ஆகாது என்று முடிவுகட்டுவது பிழை. நாலைந்து முறை போய்ப் பார்த்து, இயன்றால் வேறொரு கூட்டத்தோடும் ஒப்பிட்டு, அதன்பின் தீர்மானிப்பதே முறை.

முதற்பொருத்தம் நேரம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கடலுக்குப் போகாத அந்நாட்களில் கை ஓய்ந்திருக்கும், மனம் அலையும். உப்பளத்துக்கு மழைக்காலம் அத்தகையது. வயல்வேலைக்கு அறுப்புக்கும் அடுத்த விதைப்புக்கும் இடைப்பட்ட காலம். தொழிலின் ஓய்வுக்காலமும், கூலியோ பங்கோ கைக்கு வரும் மாலையும் எவையோ, அவையே விழுகிற வேளைகள். அவ்வேளைக்கு நேராக நடக்கும் கூட்டமே உகந்தது. பத்து மைல் தூரத்தில் மாதம் ஒரு முறை நடக்கும் பிரபலமான கூட்டத்தைவிட, நடந்து போகும் தூரத்தில் வாரந்தோறும் மூன்று பேர் கூடுகிற கூட்டம் சிறந்தது.

இரண்டாவது, பேச்சு. ஆங்கிலம் விரவிய ஷேரிங்கைக் கேட்டு, இது படித்தவர்கள் சமாசாரம் என்று எழுந்து வந்துவிடுபவர் உண்டு. தம் தொழிலையும் தம் வறுமையையும் அறிந்த ஒருவராவது அறையில் இருக்க வேண்டும். சாதியும் இங்கே கண்ணுக்குத் தெரியாமல் வந்து உட்காரும். நாற்காலிகள் எப்படி நிரம்புகின்றன, தேநீர் எவ்வாறு பரிமாறப்படுகிறது என்பதைப் பார்த்தாலே, அங்கே நோய் மட்டும் பொதுவா, மனிதர்களும் சமமா என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது, கடவுள். பன்னிரண்டு படிகள் தம்மினும் உயர்ந்த ஒரு சக்தியிடம் ஒப்புக்கொடுக்கச் சொல்கின்றன; எந்த உருவில் என்பதை அவரவருக்கே விட்டுவிடுகின்றன. நாகூரும் வேளாங்கண்ணியும் திருமறைக்காடாகிய வேதாரணியமும் ஒரே கரையில் அமைந்த இப்பிரதேசத்தாருக்கு அது பெரிய இடையூறாகாது. ஆயினும் பகுத்தறிவுவாதிக்கு அது ஒவ்வாதிருக்கலாம். கடவுளை இழுக்காமல் மனப்பயிற்சியை ஆதாரமாகக் கொண்ட ஸ்மார்ட் ரிகவரி போன்ற குழுக்கள் 1994 முதல் வெளிநாடுகளில் இயங்குகின்றன. கூட்டம் மாதா கோயில் கூடத்தில் நடந்தால் மதமாற்றமோ என்று அஞ்சுபவர், ஒரு முறை உள்ளே போய்க் கேட்டுத் தெளிவதே நல்லது.

தவிர்க்க வேண்டியவற்றுக்கும் அடையாளங்கள் உண்டு. பணம் கேட்கும் கூட்டம். உத்தரவாதம் தரும் கூட்டம். ஒருவரே பேசி மற்றவர் கேட்கும் கூட்டம். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் கூட்டம். அறையில் பேசியது மறுநாள் தேநீர்க் கடையில் கேட்கும் கூட்டம். இவற்றிலிருந்து விலகுவதில் தயக்கம் வேண்டா. கோவிட் காலத்துக்குப்பின் கைபேசி வழியாகவும் கூட்டங்கள் பெருகியிருப்பதால், தொலைவிலுள்ளவருக்கும், பிழைக்கக் கடல் கடந்து போயிருப்பவருக்கும் அது ஒரு மாற்று. ஆனால் ஓரறை வீட்டில் மனைவி மக்கள் நடுவே மனம் திறந்து பேசுவது எளிதன்று.

வீட்டாரும் வைத்தியரும்

குடியால் முதலில் நோவது வீடு. 1951-இல் பில் வில்சனின் மனைவி லோயிஸ் முதலானோர் குடும்பத்தாருக்கென்று தொடங்கிய அல்-அனான் குழுக்கள், கணவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் மனைவி தம் வாழ்வைச் சீர்ப்படுத்திக்கொள்ளலாம் என்ற உண்மையைச் சொல்கின்றன. அத்தகைய குழு அருகில் இல்லாத ஊரிலும், ஒரே கஷ்டத்தில் உழலும் நாலு பெண்கள் ஒன்றுகூடுவதற்குத் தடையில்லை. குடிக்கும் பெண்களின் நிலை இன்னும் கடினம். ஆடவர் நிறைந்த அறையில் அவர்கள் வாய்திறக்க மாட்டார்கள். அவர்களுக்கு மருத்துவமனையின் மனநலப் பிரிவே முதல் வாசலாயிருக்கக்கூடும்.

மிக அவசியமான ஓர் எச்சரிக்கை உண்டு. நெடுங்காலம் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கம் முற்றி, வலிப்பும் சித்தபிரமையும் கண்டு, உயிருக்கே அபாயம் நேரலாம். எனவே வரிசை இது: முதலில் டாக்டர், பிறகு கூட்டம். சோற்றிலோ காப்பியிலோ ரகசியமாகக் கலந்து கொடுக்கும்படி விற்கப்படும் பொடிகளையும் நம்பலாகாது. குடித்தால் உடலை வருத்தும் டைசல்பிராம் போன்ற மருந்தை அறியாமல் உட்கொண்டவர் அதன்மேல் குடித்தால் விபரீதம் விளையும். அடைத்துவைத்து அடிக்கும் 'மறுவாழ்வு' இடங்களோ, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்கே முரணானவை. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான எண் 14416, இரண்டுக்கும் கட்டணமில்லை.

கதவைத் திறக்கும் பாட்டு

வேதாரணியத்துக் கோயிலின் மறைக்கதவைப் பற்றிய ஐதிகம் இப்பகுதியில் குழந்தைக்கும் தெரியும். வேதங்கள் பூசித்து அடைத்துப்போன கதவு, அப்பர் பெருமான் பதிகத்தைப் பாடிக்கொண்டே போகத் தாமதித்து, முடிவிலேதான் திறந்ததாம். அதைத் திரும்ப அடைக்கச் சம்பந்தருக்கு முதற்பாட்டே போதுமானதாயிருந்ததாம். அப்பருக்கு அதனால் மனவருத்தமும் உண்டாயிற்று என்பர்.

நாம் நூறாண்டுகளாகக் கடையை அடைக்கும் பாட்டையே பாடிவந்திருக்கிறோம். அடைப்பதற்கு ஓர் அரசாணை போதும். மீளத் திறப்பதற்கும் அதுவே போதும். விட நினைப்பவருக்கென்று வேறொரு கதவைத் திறப்பதற்கோ பதிகம் முழுவதும் பாட வேண்டியிருக்கிறது. வருபவர் நாலு வாரம் வந்து, ஐந்தாம் வாரம் விழுந்து, ஆறாம் வாரம் முகம் காட்டக் கூசி வாசலில் நிற்பார். அப்போது 'வாங்க, உட்காருங்க' என்று மட்டும் சொல்லி, வேறொன்றும் கேளாமல் ஒரு நாற்காலியை நகர்த்திப் போடுகிறவர்கள் இருக்கும் அறை எதுவோ, அதுவே அவருக்கான கூட்டம். வேதாரணியத்திலோ நாகையிலோ அப்படி ஓர் அறை அகப்படுமானால் அவர் பஸ் ஏறட்டும். அகப்படாவிட்டால், பில் வில்சனுக்கு அன்று தேவைப்பட்டது இன்னொரு குடியர் ஒருவரே என்பதையும், கோடியக்கரையில் அதற்குப் பஞ்சமில்லை என்பதையும் நினைத்துக்கொண்டு, கரையில் கிடக்கும் படகொன்றின் நிழலில் இரண்டு பேராக அவர்கள் தொடங்கலாம்.